ஒன்பதாம் பாடத்தின் பூட்டு

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் மூண்ட சண்டையின் சூடு நான்கு நாளாகியும் இறங்கவில்லை.

ஊரே ‘கோச்’ என்று கூப்பிடும் மாமியாருக்கும், அவர் எழுதுவதை இணையத்தில் ஏற்றும் மருமகளுக்கும் நடுவில் பேச்சு நின்றுபோயிருந்தது. முழுக்க நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. “பால் பொங்குது”, “ஃபேனை நிறுத்து” என்கிற அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இருபத்தாறு வருடம் நகர நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுத்தவர் கோச். தோள்பட்டையில் அறுவைச் சிகிச்சை ஆனபிறகு வீட்டோடு இருந்துவிட்டார். சும்மா இருக்கப் பிடிக்காமல், தலை நரைத்தும் தண்ணீரைக் கண்டால் நடுங்குகிறவர்களுக்காக ஒரு வலைப்பூ எழுதத் தொடங்கினார். படித்தவர்கள் விடவில்லை. முறையாகச் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டார்கள்.

மருமகள் உட்கார்ந்து அந்த வலைப்பூவிலேயே உறுப்பினர்களுக்கென்று தனிப் பகுதி அமைத்தாள். மொத்தம் பன்னிரண்டு பாடங்கள். ஒருவர் சேர்ந்த நாளிலிருந்து வாரத்துக்கு ஒன்று திறக்கும். மற்றதெல்லாம் சின்னப் பூட்டுப் படத்தோடு காத்திருக்கும். இந்த வயதில் கற்றுக்கொள்வதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் என்பதால் எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். ‘கணுக்கால்’, ‘படி வரைக்கும்’, ‘குளிச்சா போதும்’ என்று ஏழு வாரத்தில் அறுபத்து மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள்.

சண்டை அந்தப் பூட்டைப் பற்றித்தான்.

“வாரம் ஒரு பாடம்னா நான் எப்ப முடிக்கிறது?” என்று கேட்டு ஒரே வாரத்தில் நான்கு பேர் விலகப்போவதாக எழுதியிருந்தார்கள். எல்லாப் பாடத்தையும் திறந்துவிடலாம் என்றாள் மருமகள். “காத்திருக்கச் சொன்னா யார் காத்திருப்பாங்க அத்தை? எதை எப்பப் படிக்கணும்னு அவங்களே முடிவு பண்ணட்டுமே.”

கோச் சாப்பாட்டில் இருந்து கையை எடுத்தார். “உனக்கு பட்டன் தெரியும். தண்ணி தெரியாது.”

கணவனை எதிரே வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னதுதான் மருமகளுக்குச் சுருக்கென்று தைத்தது.

அந்தக் கணவன், அதாவது கோச்சின் ஒரே மகன், லிஃப்ட் மெக்கானிக். பதினான்கு மாடிக் குழிக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு விசிலடித்தபடி வேலை செய்கிறவன். நீச்சல் கோச்சின் மகனான அவனுக்கு நீச்சல் தெரியாது. காதில் பழைய கோளாறு, தண்ணீர் போகக்கூடாது என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்தான். மகளை வாராவாரம் குளத்துக்குக் கூட்டிப்போவான். ஷூவைக்கூடக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். போன மாதம் அந்த ஐந்து வயது வாலு, “எல்லா அப்பாவும் உள்ள இருக்காங்க, நீ மட்டும் ஏன் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி உக்காந்திருக்க?” என்று கேட்டுவிட்டது.

அன்றைக்கே அவன் அம்மாவின் தளத்தில் வேறொரு மின்னஞ்சலையும் வேறொரு எண்ணையும் கொடுத்துச் சேர்ந்துவிட்டான். பட்டப்பெயர் ‘உலர்ந்த துண்டு’. இது அம்மாவுக்கும் தெரியாது, மனைவிக்கும் தெரியாது. மூன்று வாரமாகக் காலையில் நாற்பது நிமிஷம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாளியோடு என்ன செய்கிறான் என்று மனைவி யோசித்தாள். தலைக்கு ரகசியமாகச் சாயம் பூசுகிறான் போல என்று முடிவு செய்து சும்மா இருந்துவிட்டாள்.

இனி இன்றைய காலை.

எட்டு ஐம்பதுக்கு மருமகள் மடிக்கணினியைத் திறந்தாள். இன்னும் இரண்டு பேர் விலகுவதாக எழுதியிருந்தார்கள். அவளுக்குப் பொறுக்கவில்லை. இரவல் வாங்கிய பழைய கேமராவில் கோச்சின் கைகளைப் படம் எடுத்து, ஒவ்வொரு பாடத்தையும் வரி வரியாகச் சரிபார்த்து ஏற்றியது அவள்தான். கட்டின வீட்டில் இருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளியேறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

ஒவ்வொரு பாடத்தின் கீழும் ஒரு கட்டம் இருக்கும்: ‘சேர்ந்து எத்தனை நாள் கழித்துத் திறக்க வேண்டும்?’ ஏழு, பதினான்கு, இருபத்தொன்று என்று அவளே போட்ட எண்கள். ஒவ்வொன்றாக அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டாள். வரிசையாக எல்லாப் பூட்டுகளும் மறைந்தன.

‘அனைத்துப் பாடங்களும் திறந்துவிட்டன’ என்று எல்லோருக்கும் ஒரு மடல் தட்டிவிட்டாள். அடுத்த அறையில் கோச் செய்தித்தாளை மடிக்கும் சத்தம் கேட்டது. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒன்பதரைக்கு மகன் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் உட்கார்ந்திருந்தான். ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒரு பாகத்தை மாற்றிக்கொண்டிருந்தான். கைபேசி மினுங்கியது. கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தான்.

நாலாம் பாடம் என்னவாக இருக்கும் என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறான். இப்போது எல்லாமே திறந்து கிடந்தது. தலைப்புகளை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனான். ஒன்பதாவதில் விரல் நின்றது.

‘கையை எடுத்தல்.’

அம்மாவின் எழுத்து. அவர் பேசுவதைப் போலவே சின்னச் சின்ன வாக்கியங்கள்.

‘இதுவரை நீங்கள் மல்லாந்து மிதக்கும்போது முதுகுக்குக் கீழே ஒரு கை இருந்தது. இன்று அந்தக் கை விலகும். விலகுவதற்கு முன் உங்களிடம் சொல்லப்படும். நீங்கள் சரி என்ற பிறகுதான் விலகும். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

ஒரு முறை நான் சொல்லாமல் எடுத்தேன். ஏழு வயதுப் பையன். பச்சை ட்ரவுசர். பெற்றோர்கள் கரையில் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் மிதந்துவிட்டார்கள். இவன் மட்டும் என் கையை விடவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. சட்டென்று எடுத்துவிட்டேன். அவன் மூழ்கினான். மூன்று விநாடிதான். தூக்கி நிறுத்தி, ஒண்ணுமில்ல என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டேன். ஒண்ணுமில்ல என்று அவன் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அவன் அதன் பிறகு தண்ணீரில் இறங்கவே இல்லை.’

மகன் அதை இரண்டு தடவை படித்தான். மூன்றாவது தடவை படிக்க எழுத்து தெரியவில்லை. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்ததில் கன்னமெல்லாம் கிரீஸ்.

இருபத்தெட்டு வருடம். அம்மா அதை மறந்தே போய்விட்டாள் என்று நினைத்திருந்தான். கோச்சின் பிள்ளை கோழை என்று அவள் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டாள், அதனால்தான் அதன்பிறகு ஒரு தடவைகூடத் தன்னைக் கூப்பிடவில்லை என்று நினைத்திருந்தான்.

பாடத்தின் கீழே ‘உங்கள் கருத்து’ என்ற கட்டம் காலியாக இருந்தது. ஒரு விரலால் தட்டினான்.

பிறகு மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, “அண்ணே, இதை மாட்டிட்டு எனக்கு அரை நாள் லீவு வேணும்” என்றான்.

“உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கு அண்ணே. அதான் கேக்கறேன்.”

கருவிப் பையின் அடியில் மூன்று வாரமாக ஒரு புது நீச்சல் உடையும் ஒரு துண்டும் கிடந்தன. துண்டில் கடைக்காரன் ஒட்டிய விலைச் சீட்டுக்கூட இன்னும் கிழிக்கப்படவில்லை.

பத்தே முக்காலுக்கு இரண்டாவது காபியோடு கோச் கைபேசியில் தளத்தைத் திறந்தார். உறுப்பினர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் எழுதும் நேரம் அது. புதிதாக ஒரே ஒரு கருத்து வந்திருந்தது. எந்தப் பாடத்தின் கீழ் என்று பார்த்தவருக்குப் புரியவில்லை.

ஒன்பதாம் பாடம். தளம் தொடங்கியே ஏழு வாரம்தான். முதல் நாள் சேர்ந்தவரால்கூட அந்தப் பக்கத்தை இன்னும் பார்த்திருக்க முடியாது.

நேராக மருமகளின் மேஜைக்கு வந்து நின்றார்.

“பூட்டு எங்க?”

மருமகள் எழுந்துகொண்டாள். “நானே சாயங்காலம் சொல்லலாம்னு இருந்தேன் அத்தை. இன்னிக்கும் ரெண்டு பேர் போறேன்னு எழுதியிருந்தாங்க. அதனால எல்லாத்தையும்...”

“கேக்காமயா?”

“கேட்டா விட்டிருப்பீங்களா?”

“மாட்டேன். ஏன்னு நினைக்கிற? பெருமைக்கா? ரெண்டாவது வாரத்துல இருக்கிறவன் ஒன்பதைப் படிச்சிட்டுத் தனியா போய் மல்லாந்து படுத்தா என்ன ஆகும் தெரியுமா? தூக்கி நிறுத்த நான் அங்க இருப்பேனா?”

இந்தக் கோணத்தில் மருமகள் யோசிக்கவே இல்லை. அவளைப் பொறுத்தவரை அவை பக்கங்கள். “யாராவது... போயிட்டாங்களா அத்தை?”

“யாரோ ‘உலர்ந்த துண்டு’ன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. மூணாவது வாரம்தான்.” கோச் கண்ணாடியை நெற்றியில் இருந்து இறக்கிக்கொண்டு அவளுக்குக் கேட்கும்படி வாசித்தார். “‘அது பச்சை இல்லை, நீலம். பெரியம்மா பையனோட பழசு. இடுப்பு லூசுன்னு நாடா போட்டுக் கட்டிவிட்டது நீங்கதான்...’”

குரல் அங்கே நின்றது.

“அத்தை?”

கோச் பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். மருமகள் கைபேசியை வாங்கி மீதியைத் தானே படித்தாள். ‘மூணு விநாடிதான்னு நீங்க எழுதினது சரி. எனக்கு அது ரொம்ப நேரம் மாதிரி இருந்துச்சு. இன்னைக்குப் போறேன்.’

“நாடா கட்டினது நீங்கன்னு எழுதியிருக்காரு. யாரு அத்தை இது?”

“உன் புருஷன்.”

மருமகள் சிரிக்கப் போனாள். மாமியாரின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. “அவருக்குக் காதுல கோளாறு. தண்ணி போகக்கூடாதுன்னு...”

“காதுல ஒரு கோளாறும் கிடையாது.”

“ஏழு வருஷமா நான் சொட்டு மருந்து விட்டிருக்கேன் அத்தை!”

அவனைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டால், பத்து மணிக்கே கிளம்பிவிட்டான் என்றார்.

மருமகள் செருப்பை மாட்டப் போனாள். கோச் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“நான் போறேன். நீ இரு. இன்னும் அறுபத்து ரெண்டு பேர் இருக்காங்க. எல்லாரும் அந்தப் பக்கத்தைத் திறந்திருப்பாங்க. என்னால ஒருத்தனைத்தான் பார்க்க முடியும். மத்தவங்களை நீதான் பிடிக்கணும்.”

நான்கு நாளில் அவர் அவளிடம் கோபமில்லாமல் பேசிய நீளமான பேச்சு அது. அந்தப் பதற்றத்திலும் மருமகளுக்கு அது உறைத்தது. தன்னுடையதைவிடப் பெரிய வேலையை அவர் அவளிடம் விட்டுவிட்டுப் போகிறார்.

கதவு சாத்திய சத்தம் அடங்குமுன் அவள் எண்களைத் திரும்பப் போட ஆரம்பித்தாள். ஏழு, பதினான்கு, இருபத்தொன்று. அவசரத்தில் ஐம்பத்தாறுக்குப் பதில் அறுபத்தைந்து விழுந்தது, அழித்துத் திருத்தினாள். பூட்டுகள் திரும்பின. ‘ஒன்பதாம் பாடத்தை யாரும் தனியாகச் செய்ய வேண்டாம். தவறு என்னுடையது’ என்று பெரிய எழுத்தில் மடல் அனுப்பினாள். யார் யார் அந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்று பார்த்தாள். கணவனைத் தவிர ஒன்பது பேர். மடலை நம்பி இருக்க முடியாது. சேரும்போது கொடுத்த எண்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிடத் தொடங்கினாள்.

நீச்சல் குளத்தின் நுழைவாயிலில் சீட்டுக் கொடுக்கும் பெண் கோச்சைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். இரண்டு வருடமாக அவர் அந்தப் பக்கமே வரவில்லை. கோச் நிற்கவில்லை. நீலப் பலகைக் கதவைத் தள்ளியதும் குளோரின் வாடை முகத்தில் அடித்தது.

மதிய நேரம் என்பதால் கூட்டம் இல்லை. இரண்டு பேர் நீள வாக்கில் நீந்திக்கொண்டிருந்தார்கள். ஆழம் குறைந்த மூலையில், எஃகுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நெஞ்சளவுத் தண்ணீரில் மகன் நின்றிருந்தான். கன்னத்தில் இன்னும் கிரீஸ்.

உயர நாற்காலியில் இருக்க வேண்டிய உயிர்காப்பாளன் இறங்கிவந்து அவனுக்கு நேரே கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கோச்சிடம் கற்றுக்கொண்டவன்தான். “இருபது நிமிஷமா இப்படியே நிக்கிறாரு கோச். விடவும் மாட்டேங்கிறாரு, ஏறவும் மாட்டேங்கிறாரு. நான் நகரவே இல்ல” என்றான் தாழ்ந்த குரலில்.

கோச்சுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத் தரையில் நடந்துவந்து, படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எந்தப் பாடம்?”

“ஒன்பது” என்றான் மகன். திரும்பிப் பார்க்கவில்லை.

“நீ மூணாவது வாரம்.”

“திறந்திருந்துச்சு.”

“ஆறாவது மாடியில லிஃப்ட் கதவு திறந்திருந்தா, பெட்டி வந்திருக்கான்னு பார்க்காம காலை வைப்பியா?”

அவன் தோள் குலுங்கியது. சிரிப்பா என்று கோச்சுக்குத் தெரியவில்லை. கம்பியை விடாமலே, “நீ மறந்துட்டேன்னு நினைச்சேம்மா” என்றான்.

“ஒரு நாள்கூட மறக்கல.”

“அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லல? ஊர் பேர் தெரியாத அறுபது பேருக்கு எழுதுற. ஒரே வீட்லதானே இருக்கோம்? ஒண்ணா உக்காந்து சாப்பிடுறோம்.”

கோச் ஈரத் தரையிலேயே இன்னும் கொஞ்சம் கம்பிப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

“வாய் வரலடா. சொல்ல ஆரம்பிச்சா நீ ‘அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா’ன்னு சொல்லிடுவ. அதைக் கேக்கத்தான் பயம். ஒன்பதாவது வாரம் வரைக்கும் வந்தவங்களுக்குத்தான் அது புரியும்னு நினைச்சு அங்க எழுதி வச்சேன்.”

“எனக்கு மூணாவது வாரத்துலயே புரிஞ்சுது.”

“தப்பு என் மேலடா. எல்லாரும் பார்த்தாங்கன்னு எடுத்தேன். நீ என்னை நம்பிப் படுத்திருந்த. மன்னிச்சிடு.”

காப்பாளன் சட்டென்று எழுந்து, எதிர்ப் பக்கத்தில் ஏதோ வேலை இருப்பதுபோல் போய்விட்டான்.

மகன் ஒரு கையைக் கம்பியில் இருந்து எடுத்து முகத்தைத் தண்ணீரால் துடைத்தான். அதைச் செய்த பிறகுதான், ஒரு கையை எடுத்துவிட்டோம் என்று அவனுக்கே தெரிந்தது. இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

“ஒன்பது வேண்டாம்” என்றார் கோச். குரல் பழையபடி திரும்பியிருந்தது. “மேல வா. ரெண்டாவது படியில உக்காரு. மூணாம் பாடம் என்ன?”

“வாயைத் தண்ணிக்குள்ள வச்சு மூச்சை வெளிய விடுறது.”

“வீட்ல செஞ்சியா?”

“வாளில. பதினஞ்சு வரைக்கும்.”

“குளம் பெரிய வாளிதான். செய்.”

அவன் படியில் உட்கார்ந்து குனிந்தான். ஊதினான். தண்ணீர் கொப்பளித்தது. நிமிர்ந்தான். மறுபடியும் குனிந்தான். நாலாவது தடவை மூக்கும் உள்ளே போனது. ஏழாவது தடவை சிரித்துவிட்டதால் கொஞ்சம் தண்ணீர் குடித்து இருமினான். கோச்சின் கை தன்னையறியாமல் நீண்டது. அவன் தலையசைத்து, “விடு, நானே” என்றான். இருமி முடித்து எட்டாவது தடவை குனிந்தான்.

இருபது எண்ணிவிட்டுத்தான் கோச் அவனை ஏறவிட்டார்.

இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம் நாலரை. பள்ளி விட்டு வந்திருந்த வாலு வாசலிலேயே மறித்தது. “அப்பா, தலை ஏன் ஈரம்?”

“குளத்துக்குப் போனேன்.”

“உள்ளயா?” கண் விரிந்தது.

“படி வரைக்கும்.”

வாலு கொஞ்சம் யோசித்தது. “முதல்ல எல்லாருக்கும் படிதான்” என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு விளையாடப் போனது.

மருமகள் அவன் கன்னத்துக் கிரீஸைத் துணியால் துடைத்தாள். தேவைக்கு மேலேயே அழுத்தித் துடைத்தாள். “காது இப்ப எப்படி இருக்கு?” என்றாள்.

“நல்லா கேக்குது” என்றான் பரிதாபமாக.

“கேக்கட்டும். அதுக்கு நிறைய வேலை இருக்கு இன்னைக்கு.”

பிறகு மாமியார் பக்கம் திரும்பினாள். “ஒன்பது பேர்கிட்டயும் பேசிட்டேன் அத்தை. யாரும் தண்ணிப் பக்கம் போகல. நீங்க சொன்னதுதான் சரி. கேக்காம திறந்தது என் தப்பு.”

“நான் அன்னைக்கு உன்னைச் சொன்னதும் தப்பு. தண்ணி தெரியாதுன்னேன். எனக்கு என் பிள்ளையே தெரியல.” கோச் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். “ஒன்பது பேரும் என்ன சொன்னாங்க?”

“அதைத்தான் சொல்லணும்னு காத்திருக்கேன்.” மருமகள் ஒரு தாளை எடுத்தாள். பக்கம் முழுக்கக் கிறுக்கல். “‘கணுக்கால்’னு ஒருத்தங்க. தையல் கடை வச்சிருக்காங்க போல, பின்னால மெஷின் ஓடுது. விலகுறேன்னு எழுதினதுல அவங்களும் ஒருத்தர். சீக்கிரம் முடிக்கணும்னுதானே கேட்டீங்கன்னு கேட்டேன். அவங்க அழுதுட்டாங்க அத்தை.”

“ஏன்?”

“சீக்கிரம் வேணும்னு அவங்க கேக்கவே இல்ல. முகத்துல தண்ணி ஊத்துற முதல் பாடத்துலயே இன்னும் இருக்காங்களாம். வாரா வாரம் அடுத்தது திறந்து திறந்து வந்து நிக்குதாம். ‘வாரம் ஒண்ணுன்னா நான் எப்பம்மா முடிக்கிறது’ன்னு கேட்டது அதுக்குத்தான். வெட்கமா இருந்துச்சாம், அதான் போயிடலாம்னு பார்த்தாங்களாம். நான் அதைத் தலைகீழாப் புரிஞ்சுக்கிட்டேன்.”

கோச் தாளை வாங்கிப் பார்த்தார். ஒன்பதில் ஆறு பேர் அதே மாதிரி.

“அப்போ என் பூட்டும் தப்பா இருந்திருக்கு” என்றார் மெதுவாக. “நான் அவசரக்காரங்களை மட்டும்தான் நினைச்சேன்.”

“நாள் கணக்கை எடுத்துடலாம் அத்தை. ஒவ்வொரு பாடத்துக்குக் கீழயும் ஒரு பட்டன் வைக்கிறேன். ‘இது எனக்கு வந்துடுச்சு’ன்னு அவங்களே அழுத்தினாத்தான் அடுத்தது திறக்கும். அதுவும் ஒரு வாரத்துக்குள்ள அழுத்த முடியாது. ஒரு வருஷம் ஆனாலும் யாரும் எதுவும் கேக்க மாட்டோம்.”

“ஏழாவதுக்கு மேல பட்டன் மட்டும் போதாது. கூட யார் நிக்கப் போறாங்கன்னு எழுதிக் கேக்கணும்.”

“போட்டுடறேன்.”

“எனக்கும் அந்தப் பட்டன் உண்டா?” என்றான் மகன், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டே.

“உங்களுக்கு மட்டும் ரெண்டு மாசத்துக்குத் திறக்காது” என்றாள் மனைவி. கோச் வாய்விட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் நான்கு நாள் கழித்துக் கேட்ட முதல் சிரிப்பு.

காபி வந்தது. மருமகள் திரையைப் பார்த்தபடியே, “இன்னொண்ணு அத்தை. திரும்பப் பூட்டும்போதுதான் கவனிச்சேன். பன்னிரண்டாம் பாடத்துல ‘ஆழம்’னு தலைப்பு மட்டும்தான் இருக்கு. கீழ ஒரு வரிகூட இல்ல. நீங்களே ஏத்திடறேன்னு சொன்னீங்களே?” என்றாள்.

கோச் தம்ளரைக் கீழே வைத்தார்.

“எழுத வரல.”

“அம்மா” என்றான் மகன். துண்டை எடுத்துவிட்டான். “இன்னைக்கு ரெண்டு மணி நேரம் என் பக்கத்துலயே உக்காந்திருந்த. பாதத்தைக்கூடத் தண்ணில வைக்கல. காலை மடக்கி வச்சுக்கிட்டே இருந்த. தோள் வலியா?”

“தோள் ஆறி ஒன்றரை வருஷம் ஆச்சு.”

தோள்பட்டை இன்னும் சரியாகவில்லை என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். துணி காயப்போடக்கூட அவரை விடுவதில்லை.

கோச் நாற்காலியை மருமகளின் மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டார்.

“என்னையும் சேர்த்துக்கோ. உறுப்பினரா. முதல் பாடத்துல இருந்து.”

விளையாட்டில்லை என்று மருமகளுக்குப் புரிந்தது. புது உறுப்பினருக்கான படிவத்தைத் திறந்தாள். பட்டப்பெயர் என்ற இடத்தை இப்போதைக்குக் காலியாக விட்டாள். அடுத்தது, எல்லோரும் கட்டாயம் நிரப்ப வேண்டிய கேள்வி. அந்தக் கேள்வியை எழுதியதும் கோச்தான்.

“கடைசியாத் தண்ணியில இறங்கின நாள் எதுன்னு கேக்குது அத்தை. ஆபரேஷனுக்கு முந்தின வாரம்தானே? அந்தத் தேதியைப் போட்டுடட்டுமா?”

“இல்ல.”

கோச் ஒரு தேதியைச் சொன்னார். யோசிக்காமல் சொன்னார். மருமகள் தட்டிக்கொண்டே வந்தவள், வருடத்தை முடிக்காமல் நிறுத்தினாள். மகனும் அருகில் வந்து திரையைப் பார்த்தான்.

அறுவைச் சிகிச்சை முடிந்து ஏழு மாதம் கழித்து வருகிற தேதி அது.

“அன்னைக்கு நீ பழைய சிநேகிதி வீட்டுக்குப் போறேன்னு போனியேம்மா” என்றான் மகன். “நான்தான் பஸ் ஏத்திவிட்டேன்.”

“ஆமா” என்றார் கோச். “அவ வீட்டுக்குப் போகல. தனியா ஆழத்துல இறங்கினேன், அதோட சரி.”

மருமகள் மடிக்கணினியை மெல்ல மூடினாள். மகன் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவின் எதிரில் உட்கார்ந்தான்.

“மெதுவாச் சொல்லும்மா” என்றான். “எங்களுக்கு அவசரம் இல்ல.”